பக்கத்து இருக்கையில் ஓர் அம்மா

தண்ணீர்த் தகராறில் அந்தக் கன்னட நகரமே தமிழர்கள்மேல் கொதித்துக்கொண்டிருந்த நாள். அடுகோடி போகும் பஸ்ஸில் என் மகளுக்கு மட்டும் இடம் கிடைத்தது. அவள் பக்கத்தில் முன்பின் தெரியாத ஒரு கன்னடப் பெண்மணி. பெற்றவள் நான் கம்பியைப் பிடித்து நின்றேன். மகள் கையில் தமிழ் நாவல். நாஜிகள் தேடி வரும்போது ஒரு யூதச் சிறுமி தன் தோழியின் தாயை "அம்மா" என்றழைத்துத் தப்பிக்கும் கதை.

திடீரென்று பஸ்ஸை மறித்துச் சிலர் ஏறினார்கள். "தமிழா?" என்று ஒவ்வொருவராகக் கேட்டு வந்தார்கள். ஒருவன் மகளிடம் குனிந்தான்.

அவள் என்னைப் பார்க்கவே இல்லை. பக்கத்துப் பெண்மணியின் தோளில் சாய்ந்து, "அம்மா" என்றாள்.

கன்னடத்திலும் அதே சொல்தான்.

அந்தப் பெண்மணி ஒரு கணம் திகைத்தார். பிறகு முந்தானையால் புத்தகத்தை மூடிக்கொண்டு, "நன்ன மகளப்பா, பிடு" என்றார். என் மகள், விடு என்று! அவன் நின்றிருந்த என்னைக் கவனிக்காமலே நகர்ந்தான்.

இறங்கியதும் கேட்டேன். "ஏன்டி என்னைக் கூப்பிடல?"

"நீ தமிழ்ல பதில் சொல்லிடுவியேம்மா."

உண்மைதான். அவள் வேறொருத்தியை அழைத்தபோதே, "என்னம்மா" என்பது என் உதடுவரை வந்துவிட்டது.

இன்றும் அவள் வெளியில் கூப்பிட்டால், சுற்றிலும் பார்த்துவிட்டுத்தான் பதில் சொல்கிறேன்.