தேவதைகளும் டபுள் டூட்டியும்

போன வாரம் அம்பத்தூரில் ஒரு தொழிற்சங்கக் கூட்டத்தில் பேசினேன். சிரிக்காதீர்கள்... அவர்களேதான் கூப்பிட்டார்கள்!

குடலிறக்க ஆபரேஷன் முடிந்து, கட்டு மாற்றிக்கொள்ள ஒரு தனியார் ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தேன். வாசலில் நர்ஸ்கள் கூட்டம். ஒரு ஷிப்ட் இறங்கி அடுத்தது ஏறுகிற இடைவெளியில், அவசர அவசரமாக நடத்துகிற சங்கக் கூட்டம்.

விஷயம் இதுதான். நெமிலிச்சேரியிலிருந்து ரயிலில் வருகிற அமுதா சிஸ்டர் ஆறு மாதக் கர்ப்பிணி. மாற்று ஆள் வரவில்லை, அடுத்த ஷிப்டையும் நீயே பார் என்றது நிர்வாகம். வார்டை இன்னொருவரிடம் ஒப்படைக்காமல் நர்ஸ் கிளம்ப முடியாதே — அந்தத் தைரியம் அவர்களுக்கு. அமுதா முடியாது என்றார். வேலை போயிற்று. அன்றைக்கே உடை மாற்றும் அறையில் மற்ற நர்ஸ்கள் கூடிப் பேசினார்கள். சங்கம் பிறந்தது. முதல் கோரிக்கை, அமுதாவுக்கு மறுபடியும் வேலை.

"பேப்பர்ல எழுதுற சார்தானே நீங்க? ரெண்டு வார்த்த பேசுங்க" என்றார் சங்கத் தலைவி மேரி. என்னிடம் போய் இப்படிக் கேட்கலாமா? தையல் வலியை மறந்து மைக்கைப் பிடித்தேன்.

"வெள்ளுடை தேவதைகளே! நீங்கள் செய்வது வேலையா? தவம்! பசி, தூக்கம், களைப்பு அறியாத தாய்மார்களே..."

கைதட்டல் கேட்டது. ஒரே ஒருவர். திரும்பினால், ஆஸ்பத்திரி மேனேஜர்!

"பிரமாதம் சார்! இதைத்தான் நாங்களும் இவங்ககிட்ட தினம் சொல்லிட்டிருக்கோம்."

மைக்கைச் சட்டென்று கீழே இறக்கினேன். இறக்கிய வேகத்தில் தையல் இழுத்தது.

கூட்டத்தின் முன்வரிசையில் நின்ற அமுதா மைக்கை வாங்கினார்.

"தேவதைக்குக் காலு வீங்குமா சார்? எனுக்கு வீங்கிக் கீது. அதுக்கு வயித்துல புள்ள கீதா? எனுக்குக் கீது. என் ஷிப்ட நான் நல்லா பாக்குறேன். அப்பால ஊட்டுக்குப் போவணும். அவ்ளோதான்."

வெட்கமாக இருந்தது. ஆதரவு தெரிவிக்கப் போனவன் நிர்வாகத்துக்கு வக்காலத்து வாங்கிவிட்டு வந்திருக்கிறேன்! வீட்டில் சொன்னேன். "வயித்துலதானே ஆபரேஷன் பண்ணாங்க?" என்று கேட்டாள் மனைவி.

நல்லவேளை, சங்கம் என்னை நம்பியிருக்கவில்லை. அமுதா திரும்பும்வரை யாருமே டபுள் டூட்டி பார்க்க மாட்டோம் என்று எல்லா நர்ஸ்களும் சொல்லிவிட்டார்கள். நிர்வாகம் இறங்கி வந்தது.

நேற்று தையல் பிரிக்கப் போனேன். உள்ளே அமுதா சிஸ்டர்! "சிஸ்டர், உங்களோட சேவை..." என்று ஆரம்பித்துவிட்டேன்.

நிமிர்ந்து பார்த்தார். கையில் கத்தரிக்கோல்.

"வேலை" என்று உடனே திருத்திக்கொண்டேன்.