பாரசீக இளவரசரும் பத்தரை மணியும்

போன மாதம் ஒரு வியாழக்கிழமை, ஒரே நாள் லீவில் ஷார்ஜாவிலிருந்து பஹ்ரைன் போய் வந்தேன். மனைவி கவிதா அங்கே நர்ஸ். மகள் யாழினி அங்கேயே ஈசா டவுனில் ஒன்பதாவது படிக்கிறாள். நான் ஷார்ஜா முவைலாவில் ரூம் எடுத்து, சாரம் கட்டும் ஆட்களுக்கு ஃபோர்மேனாக ஏழு வருஷமாக ஓட்டுகிறேன். பள்ளியில் தமிழ்ப் பேச்சுப் போட்டி. இரண்டு வருஷம் வருகிறேன் வருகிறேன் என்று சொல்லி, சைட் வேலையால் போகவில்லை. "இந்தத் தடவையும் வரலைன்னா இனிமே கூப்பிட மாட்டேன்ப்பா" என்று கறாராகச் சொல்லிவிட்டாள்.

அவள் எடுத்த தலைப்பு, இருநூறு வருஷத்துக்கு முந்தைய ஒரு பாரசீகப் பட்டத்து இளவரசர். கூடப் படிக்கும் ஈரானிய வம்சாவளிப் பெண் சொன்ன கதையாம். நமக்குத் தெரிந்த ஈரான் குபூஸ் ரொட்டிக் கடையோடு சரி.

விமானம் காலை 8.30. போக வர டிக்கெட் 520 திர்ஹாம். ரூமிலிருந்து ஷார்ஜா ஏர்போர்ட்டுக்கு டாக்ஸி 24 திர்ஹாம், பத்தே நிமிஷம். பஹ்ரைன் நேரம் நமக்கு ஒரு மணி பின்னால். அங்கே இறங்கி வெளியே வந்தபோது அவர்கள் மணி 9.10. போட்டி பத்தரைக்கு என்று கவிதா சொல்லியிருந்ததால் நிதானமாக ஒரு டீ வாங்கினேன்.

போன் வந்தது. "என்னங்க, எங்க இருக்கீங்க? இன்னும் கால் மணி நேரத்துல ஆரம்பிச்சிருவாங்க."

"பத்தரைன்னுதானே சொன்ன?"

"உங்க நேரத்துக்குப் பத்தரைங்க. என்னிக்கு நான் எங்க நேரம் சொல்லியிருக்கேன்?"

உண்மைதான். இத்தனை வருஷமும் போன் பண்ணும் நேரம், டியூட்டி முடியும் நேரம், பிள்ளை தூங்கும் நேரம் எல்லாவற்றையும் என் கடிகாரத்துக்கு மாற்றித்தான் சொல்லியிருக்கிறாள். நான்தான் அதைக் கவனித்ததே இல்லை. டீயை அப்படியே வைத்துவிட்டு ஓடினேன்.

டாக்ஸி டிரைவர் வயதான பஹ்ரைனி. மகள், ஸ்கூல் என்று எனக்குத் தெரிந்த அரபியில் உளறினேன். "மாஃபி முஷ்கில், யல்லா", கவலை வேண்டாம், போகலாம் என்று கிளப்பினார். பதினைந்து கிலோமீட்டர், இருபத்திரண்டு நிமிஷம், ஆறு தினார். மீதியை வாங்காமல் இறங்கினேன். கூப்பிட்டுக் கையில் திணித்தார். அவர் நன்றாக இருக்க வேண்டும்.

ஹாலுக்குள் போனபோது 9.45. கவிதா சொல்லி, டீச்சர் யாழினியைக் கடைசிக்கு மாற்றியிருந்தார். அந்த டீச்சருக்கும் நன்றி.

யாழினி பேசினாள். ரஷ்யப் பீரங்கிகளிடம் தோற்ற பிறகு, பழைய முறையில் சண்டை போட்டால் நாடு மிஞ்சாது என்று அந்த இளவரசருக்குப் புரிந்ததாம். நாட்டுப் பிள்ளைகளைப் படிக்க இங்கிலாந்து அனுப்பினாராம். புதுச் சீருடையையும் கவாத்தையும் ஊரே கேலி செய்ததால், மதில் சூழ்ந்த முற்றத்தில் தானே சீருடை போட்டு, தானே துப்பாக்கி சுமந்து பழகினாராம். கடைசிவரை அரசராகவில்லை. தகப்பனுக்கு முன்பே இறந்துபோனார்.

பிறகு தாளை மடித்தாள். "எங்க அப்பா சைட்ல முதல்முதலா உடம்பு முழுக்க மாட்டுற சேஃப்டி பெல்ட் வந்தப்போ எல்லாரும் சிரிச்சாங்களாம். அப்பா அதைத் தானே மாட்டிக்கிட்டு நாள் முழுக்கத் தரையில நடந்தாராம். மறுநாள் எல்லாரும் மாட்டினாங்க. அதனாலதான் இந்த இளவரசர் எனக்குப் புரிஞ்சார்."

என்றோ போனில் சொன்ன கதை. அழுதேன், மறைக்கவில்லை. பரிசு வேறு பிள்ளைக்குப் போனது.

போக நினைப்பவர்களுக்கு: விசாவை ஒரு வாரம் முன்பே ஆன்லைனில் போடுங்கள். சிலருக்குத் தொழிலைப் பார்த்து இழுத்தடிக்கிறார்கள். டாக்ஸியில் மீட்டர் போடச் சொல்லுங்கள். யாராவது மணி சொன்னால், எந்த ஊர் மணி என்று கேளுங்கள்.

திரும்பி வந்ததும் ரூமில் ஒரு சுவர்க்கடிகாரம் வாங்கி மாட்டினேன், பதினெட்டு திர்ஹாம். ஒரு மணி ஸ்லோ என்று கூட இருப்பவர்கள் சொல்லிக்கொண்டே இருக்கிறார்கள். அது பஹ்ரைன் நேரம். இனி நான் மாற்றிச் சொல்கிறேன்.