கிரேன் அறையில் கேட்ட ஆலாபனை

கிரேன்காரருக்குச் சங்கீதம் என்றாலே ஆகாது. அவர் மனைவியின் அண்ணன் அச்சகத்தில் வேலை செய்பவர். ஞாயிற்றுக்கிழமை வந்தால் போனில் ஒரு கச்சேரியைப் போட்டுவிட்டுக் கண்ணை மூடிக்கொள்வார். கிரேன்காரருக்கு வாய் சும்மா இருக்காது.

"ஏன் மச்சான், இந்தம்மாவுக்குப் பல்வலியா? யாராவது டாக்டரைக் கூப்பிடுங்களேன்."

மச்சான் கண்ணைத் திறக்கமாட்டார். மனைவிதான் முறைப்பாள்.

அப்போது ஓர் ஆஸ்பத்திரிக் கட்டடம் எழும்பிக்கொண்டிருந்தது. கிரேனின் உச்சியில் அவருக்கு ஒரு கண்ணாடி அறை. கால் நீட்ட இடம் கிடையாது. ஒரு மதியம், கம்பிக்கட்டை மேல்தளத்தில் இறக்கி முடித்த கையோடு வானம் ஒரு பக்கமாகக் கறுத்தது. ஏணியைப் பார்ப்பதற்குள் காற்று வந்து அறைந்தது.

வாக்கி டாக்கியில், கீழே சைகை காட்டுகிற ஆள் கத்தினான். "அண்ணே, இறங்காதீங்க! காத்து ஆளையே தூக்கிடும். கொக்கிய மேல ஏத்திட்டு, பிரேக்க விட்டுட்டு அப்படியே உக்காருங்க."

பிரேக்கை விட்டால் கிரேனின் நீண்ட கை காற்று தள்ளுகிற பக்கம் தானாகத் திரும்பும். முரண்டு பிடித்து நின்றால்தான் ஆபத்து. இதெல்லாம் அவர் மூளைக்குத் தெரியும், வயிற்றுக்குத் தெரியவில்லை. அறை அவரையும் சேர்த்துச் சுற்றியது. ஆற்றுப்பாலம் இருந்த இடத்தில் மைதானம் வந்தது, பிறகு வெறும் மழை. இரும்பு எங்கோ முனகியது. வாக்கி டாக்கியில் இரைச்சல் மட்டுமே மிஞ்சியபோது, ஒரு மனிதக் குரலாவது கேட்கட்டும் என்று தன் சின்ன ரேடியோவைத் திருகினார். எல்லா நிலையத்திலும் கரகரப்பு. ஒன்றே ஒன்று தெளிவாக இருந்தது. ஒரு பெண், வார்த்தையே இல்லாமல், ராகம் பாடிக்கொண்டிருந்தாள்.

"போச்சுடா," என்றார் வாய்விட்டு. அணைக்கவில்லை.

அவள் அவசரப்படவே இல்லை. ஒரு படி ஏறுவாள், அங்கேயே நிற்பாள், இறங்கிவிடுவாள். மறுபடி ஏறி இன்னும் கொஞ்சம் மேலே எட்டிப்பார்ப்பாள். கண்ணாடியில் மழை சாட்டையாக அடிக்க, அறை பக்கவாட்டில் சாய்ந்த நேரத்தில், அந்தக் குரல் எதையோ தொடப்போய்த் தொடாமல் திரும்பியது. 'அட, தொட்டிருக்கலாமே' என்று அவருக்குத் தோன்றியது. அடுத்த முறை மூச்சைப் பிடித்துக் காத்திருந்தார். தொட்டாள். அவர் கண்ணில் நீர் முட்டியது. பயத்தாலா வேறெதாலா என்று பிரித்துச் சொல்ல அவரால் முடியவில்லை.

காற்று அடங்கி அவர் கீழே வந்ததும் சைகைக்காரன் அவரைக் கட்டிப்பிடித்துக்கொண்டான். வீட்டில் மனைவி, "நாளைக்கு ஏறக்கூடாது," என்றாள். "ஏறலைன்னா அப்புறம் எப்பவுமே ஏறமாட்டேன்," என்றார். ஏறவும் செய்தார். மேலே ஒன்றும் ஆகவில்லை.

ஆனது ஞாயிற்றுக்கிழமைதான். மச்சான் வழக்கம்போலப் போனைத் தட்டியதும், இழுத்து இழுத்து ஒரு குரல் கிளம்பியதும், இவருக்கு உள்ளங்கை வேர்த்துவிட்டது. தரை நகர்கிற மாதிரி இருந்தது. எழுந்து தெருவுக்குப் போய்விட்டார்.

மச்சான் பின்னாலேயே வந்தார். "அவ்வளவு பிடிக்கலன்னா சொல்லிடுங்க மாப்பிள்ளை. நான் போடல."

"பிடிக்காம இல்ல மச்சான். பயமா இருக்கு."

அன்றுதான் மேலே நடந்ததை முழுதாகச் சொன்னார். "அப்ப நிறுத்திடலாம்," என்றார் மச்சான்.

"வேணாம், போடுங்க. கொஞ்சமா. கதவு தொறந்தே இருக்கட்டும்."

அப்படித்தான் ஆரம்பித்தது. சில வாரம் பாதியிலேயே ஓடினார். சில வாரம் நாற்காலிக் கையைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார். ஒருநாள் மச்சான் நேராகக் கச்சேரிக்கே கூட்டிப்போனார். நடுவரிசை, வெளியேற வேண்டுமானால் பத்துப் பேரை எழுப்ப வேண்டும். பாடகர் குரலை மெல்ல மேலே ஏற்ற ஏற்ற, இவர் நாற்காலிக் கையை இறுகப் பிடித்தார், சட்டை முதுகில் ஒட்டியது. எழப்போனார். அந்தக் கணம் குரல், இவர் எதிர்பார்த்த உச்சிக்குப் போகாமல், சட்டென்று ஒரு பக்கம் திரும்பி, குறும்பாக நழுவிக் கீழே வந்தது.

இவர் சத்தமாகச் சிரித்துவிட்டார். முன்வரிசை திரும்பிப் பார்த்தது. மச்சான் வெட்கத்தில் குனிந்துகொண்டார்.

"என்னமா ஏமாத்திட்டான் பாருங்க!" என்றார் கிரேன்காரர், காதோரமாக. பிடித்திருந்த கை எப்போது தளர்ந்தது என்று அவருக்கே தெரியவில்லை.

இன்றும் அவருக்கு ஒரு ராகத்தின் பெயர்கூடத் தெரியாது. மச்சான் சொல்லிக்கொடுக்க வந்தால் கையெடுத்துக் கும்பிடுவார். "ஆள விடுங்க. அது எங்க போகுதுன்னு பாக்கத்தான் நான் வர்றேன்."