ஆறு புள்ளி மூன்று புள்ளி இரண்டு

தொண்ணூறுகளின் நடுவில், பாயான் லெப்பாசில் மின்னணு போர்டு செய்யும் தொழிற்சாலை ஒன்றில் தட்டச்சும் கோப்பும் பார்க்கும் கிராணி வேலைக்குச் சேர்ந்தேன். வீடு இருந்த டத்தோ கிராமாட்டிலிருந்து காலையில் ஃபேக்டரி பஸ். எனக்கு இருபத்திரண்டு வயது. தொழிற்சாலை அப்போது தரச் சான்றிதழுக்கு விண்ணப்பித்திருந்தது. யார் எந்த வேலையை எப்படிச் செய்ய வேண்டும் என்று எல்லாவற்றையும் ஒரு கையேட்டில் எழுதிவைக்க வேண்டுமாம். எழுதியவர் எங்கள் சீன மானேஜர். கணினியில் அடித்தவள் நான்.

மானேஜருக்கு எண்கள் மேல் தீராத ஆசை. 4 என்று ஓர் அத்தியாயம், அதற்குள் 4.1, அதற்குள் 4.1.1. எல்லா எண்ணையும் நான் கையாலேயே அடித்தேன். உட்தலைப்பு உள்ளே தள்ளி நிற்க வேண்டுமா, ஸ்பேஸ் பட்டனை எட்டுத் தடவை தட்டுவேன். பார்க்க அழகாகத்தான் இருந்தது. ஒருநாள் அவர் வந்து, "இந்த நாலாவதை ரெண்டாவதாப் போடு" என்று மலாயில் சொல்லிவிட்டுப் போனார். இரண்டு நாள் உட்கார்ந்து மாற்றினேன். மூன்றாம் நாள் வந்தார். "முன்ன இருந்ததே நல்லா இருந்துச்சு லா."

அன்று கழிவறையில் போய் அழுதேன். முகம் கழுவ வந்த ஓர் அக்கா பார்த்துவிட்டார். போர்டில் ஈயம் பற்றவைக்கும் பிரிவின் லைன் லீடர், அந்த வரிசைப் பெண்களுக்கு மேற்பார்வையாளர் அவர். பதினைந்து வருட அனுபவம், கணீர்க் குரல்.

"என்னா தங்கச்சி, யாராச்சும் ஏசிட்டாங்களா?"

"நம்பர் எல்லாம் மாறிப்போச்சுக்கா."

"வீட்டு நம்பரா?"

விளக்கினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அந்த கம்ப்யூட்டர் அவ்ளோ வெள்ளிக் காசு போட்டு வாங்குனது. ஒண்ணு ரெண்டு மூணு எண்ணத் தெரியாதா அதுக்கு?" என்றார்.

அந்தக் கேள்வி எனக்கு உறைத்தது. கணினியோடு வந்த தடித்த புத்தகத்தை மதிய நேரங்களில் படிக்கத் தொடங்கினேன். கணினிக்கு எண்ணத் தெரிந்திருந்தது. அளவுக்கு மீறியே தெரிந்திருந்தது. நான் அடித்த எண்ணுக்கு முன்னால் தன் எண்ணையும் சேர்த்து '4.1 4.1 நோக்கம்' என்று காட்டியது. வெற்று வரிகளுக்கும் எண் கொடுத்தது. டேப் பட்டனை அழுத்த அழுத்த உட்தலைப்புகள் வலப்பக்கம் நகர்ந்துகொண்டே போய், ஒரு தலைப்பு தாளின் ஓரத்தில் வரிக்கு இரண்டு எழுத்தாக மேலிருந்து கீழே தொங்கியது. மானேஜர் அதைத் தலையைச் சாய்த்துப் படித்தார். "4.2.7இல் ஒன்றுமே இல்லையே?" என்று கேட்டார். அது வெற்று வரி. "பிறகு எழுதுவதற்கு, சார்" என்றேன்.

ஒரு வாரத்தில் பிடி கிடைத்தது. எண்ணை நான் அடிக்கவே கூடாது. இது முதல் நிலைத் தலைப்பு, இது இரண்டாம் நிலை, இது மூன்றாம் நிலை என்று சொல்லிவிட்டால் போதும். எண்ணையும் இடைவெளியையும் அதுவே பார்த்துக்கொள்ளும். ஸ்பேஸ்களையெல்லாம் அழித்தேன். கையேடு பள்ளிக்கூட வரிசைபோல நிமிர்ந்து நின்றது.

சான்றிதழ் தருபவர்கள் வந்து பார்க்கும் தணிக்கைக்கு மூன்று நாள் முன்பு மானேஜர் ஓடிவந்தார். பாதுகாப்பு பற்றிய புது அத்தியாயம் ஒன்று, எல்லாவற்றுக்கும் முன்னால் வர வேண்டும். முகத்தில் மன்னிப்புக் கேட்கும் பாவனை. நான் சேர்த்தேன். ஒரே நிமிடத்தில் ஒன்று இரண்டானது, ஆறு ஏழானது. அவர் வாய் பிளந்து நின்றார். அன்று பஸ்ஸில் நான் யாரோடும் பேசவில்லை. அவ்வளவு கர்வம்.

தணிக்கை நாளில் வெள்ளைச் சட்டை போட்ட தமிழர் ஒருவர் வந்தார். சிரிக்காத முகம். நேராக அக்காவின் பிரிவுக்குப் போனார். மானேஜரும் நானும் பின்னால்.

"கெட்டுப்போன போர்டு வந்தா என்ன செய்வீங்க?"

அக்கா மேசைமேல் தொங்கிய அட்டையைக் காட்டினார். "6.3.2 படி செய்வோம் சார்."

அப்போதுதான் எனக்கு நினைவு வந்தது. எந்த வேலைக்குக் கையேட்டில் எந்த எண் என்று காட்டும் அந்த அட்டைகள் நான் பழைய எண்ணை வைத்து எழுதியவை. கெட்ட போர்டு இப்போது 7.3.2க்குப் போய்விட்டது. தணிக்கையாளர் கையேட்டைத் திறந்து 6.3.2ஐ நிதானமாகத் தமிழாக்கிப் படித்தார். "சோப்புத் தண்ணியில அலசி, லைன்ல காயப்போடணும்." அது கையுறை துவைப்பதற்கானது; லைன் என்றது துணிக்கொடியை.

"போர்டை அலசுவீங்களா?"

அக்கா ஒரு கணம்கூடத் தயங்கவில்லை. "ஆமா சார். அழுக்கு இருந்தா அலசத்தானே வேணும்?"

"காயப்போடுற லைன் எங்க?"

அக்கா இரண்டு கையையும் விரித்து, பற்றவைத்துக்கொண்டிருந்த முப்பது பெண்களையும் காட்டினார். "இதுதான் சார் எங்க லைன்."

மானேஜருக்குத் தமிழ் தெரியாது. ஆனால் அக்காவின் தோரணையைப் பார்த்துப் பலமாகத் தலையாட்டினார். தணிக்கையாளர் கையேட்டை முகத்துக்கு நேரே தூக்கிப் பிடித்துக்கொண்டார். அவர் தோள் குலுங்கியது.

இதற்கு மேல் மறைக்க முடியாது என்று நான் முன்னால் போய்ச் சொன்னேன். "அக்கா மேல தப்பில்ல சார். புஸ்தகத்துல நம்பர் தானா மாறிருச்சு. அட்டையில மாறல. நான்தான் மறந்துட்டேன்."

"அட்டை தானா மாறாது தங்கச்சி," என்றார் தணிக்கையாளர். அறிக்கையில் சிறு குறை என்று எழுதி, திருத்த ஒரு மாதம் கொடுத்தார்.

அறைக்குத் திரும்பியதும் மானேஜர் ஏசுவார் என்று காத்திருந்தேன். அக்கா என்ன பதில் சொன்னார் என்றுதான் கேட்டார். மொழிபெயர்த்தேன். மேசையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டு சிரித்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டு, "சீக்கிரம் திருத்து" என்றார்.

நூற்றுப் பன்னிரண்டு அட்டைகளையும் கழற்றினேன். எண்ணுக்குப் பதில் தலைப்பின் பெயரையே எழுதினேன்: 'கெட்ட போர்டு வந்தால்'. கையேட்டின் உள்ளே 'இந்தப் பகுதியைப் பார்க்கவும்' என்று வரும் இடங்களையும் தேடித்தேடி, தலைப்போடு சேர்ந்து மாறும்படி கட்டிவைத்தேன். அடுத்த மாதம் சான்றிதழ் வந்தது. கேண்டீனில் எல்லாருக்கும் பிரியாணி.

அதற்கடுத்த வாரம் மானேஜர் ஒரு தாளோடு வந்தார். அதில் 7.3.2.1.4 என்று எழுதியிருந்தது. இன்னும் இரண்டு நிலை வேண்டுமாம்.

"முடியாது சார். மூன்று நிலைதான்," என்றேன். வேலைக்குச் சேர்ந்து நான் அவரிடம் முடியாது என்று சொன்னது அதுவே முதல் தடவை.

அவர் தாளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "ஓக்கே லா," என்று சொல்லி மடித்துப் பையில் வைத்துக்கொண்டார்.