மூன்றாம் தண்ணீருக்குப் பிறகு

தம்பிக்கு ரத்தப் புற்றுநோய். மதுரையில் என் உடம்பிலிருந்து ஸ்டெம் செல் எடுத்து அவனுக்கு ஏற்றினார்கள். நாலு மாதம் கழித்துக் காரைக்குடிக்கு, என் வீட்டுக்கே கூட்டி வந்தேன். மாத்திரை எடுத்துக் கொடுப்பது என் பொறுப்பு.

அதில் ஒரு வெள்ளை மாத்திரை, அம்மை வராமலிருக்க. அதைப் போட்டாலே குமட்டுகிறது என்பான்.

"எனக்குத்தான் ஏழு வயசுலயே அம்மை போட்டுருச்சேக்கா. மூணு தண்ணி ஊத்தி அனுப்பியாச்சு. ஆத்தா என்ன, என் அட்ரஸை எழுதிக்கிட்டா போனா?"

சிரித்துவிட்டேன். மூன்றாவது முறை வேப்பிலைத் தண்ணீரை அவன் தலையில் ஊற்றியபோது பக்கத்தில் நின்றவள் நான். அதோடு அம்மை போய்விடும் என்பதில் எங்கள் வீட்டில் யாருக்கும் சந்தேகம் வந்ததில்லை. டாக்டரிடம் போனில் கேட்டிருக்கலாம். படித்தவர்களிடம் பேச எனக்கு வாய் வராது. மாத்திரையை நிறுத்திவிட்டேன்.

மூன்றாவது வாரம் அவன் நெற்றியில் வலப்பக்கம் மட்டும் எரிச்சல். மறுநாள் காலையில் கொப்புளங்கள் இமை வரை இறங்கியிருந்தன. அக்கி என்று நினைத்தேன். எங்கள் பக்கம் அக்கிக்குப் பானை செய்பவர்கள் வீட்டில் காவியால் எழுதிக்கொள்வோம். அங்கே போனோம். காவியைக் குழைத்துக்கொண்டிருந்த அந்த வீட்டு அம்மா, அவனுடைய முகக்கவசத்தைப் பார்த்து என்ன வைத்தியம் நடக்கிறது என்று விசாரித்தார். சொன்னேன். கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டார்.

"நான் எழுதமாட்டேன் தாயி. கண்ணுகிட்ட வந்துருச்சு. இங்குட்டு நிக்காதீக. வைத்தியம் பாத்த எடத்துக்கே கொண்டு போங்க."

மதுரையில் டாக்டர் சொன்னது காதில் விழுந்தும் புரிய நேரமாயிற்று. அக்கியாக வந்திருப்பதும் அந்தப் பழைய அம்மைக் கிருமிதானாம்; அது உடம்பைவிட்டுப் போவதே இல்லையாம். முப்பது வருடத்துக்கு மேல் அவன் நரம்பின் வேரில் ஒடுங்கிக் கிடந்திருக்கிறது. என் செல்கள் அவனுக்குள் இன்னும் வலுப்பெறாத நேரத்தில் எழுந்துவிட்டது. அந்த மாத்திரைதான் அதை அடக்கி வைத்திருந்தது. இனி கண்ணுக்குள் இறங்கினால் பார்வை போகும், உடம்பெங்கும் பரவினால் உயிரே போகலாம் என்றார்.

மாத்திரையை ஏன் விட்டீர்கள் என்று கேட்டார். நான்தான் போடவில்லை என்று தம்பி முந்திக்கொண்டான்.

"இல்ல சார். நிறுத்துனது நான்" என்றேன். அந்த அறையில் நான் பேசிய முதல் வார்த்தை அது.

பத்து நாள் நரம்பு வழியாக மருந்து ஏறியது. பதினோராம் நாள், மூடிக் கிடந்த வலக்கண்ணின் வீக்கம் வடிந்து இமை திறந்தது. டாக்டர் அவன் இடக்கண்ணைப் பொத்திவிட்டு, எதிரே என்ன தெரிகிறது என்று கேட்டார். நான் அவனுக்கு நேரே போய் நின்றேன்.

"எங்கக்கா. இங்க வந்த அன்னைக்குக் கட்டுன அதே பச்சைச் சேலை."