சித்தியின் விரல் ரேகை

உப்புத்தாளில் உப்பு கிடையாது. மூன்றாம் வகுப்பு படிக்கும்போது நக்கிப் பார்த்துத் தெரிந்துகொண்டேன். அதற்கு அந்தப் பெயரை வைத்த புண்ணியவான் யாரோ, அவர்மேல் எனக்கு இன்னும் கோபம் தீரவில்லை.

எங்கள் வீட்டுக்குள் உப்புத்தாள் வந்தது சித்தியால். அம்மாவின் தங்கை, புதுவாயலில் எங்களோடுதான் இருந்தாள். பாலிமர் க்ளே என்கிற பிளாஸ்டிக் மாவில் கம்மல் செய்து, போனில் படம் போட்டு விற்பாள். உருட்டி, வெட்டி, சின்ன ஓவனில் சுட்டு எடுத்த பிறகுதான் உண்மையான வேலையே. அன்னக்கூடைப் பாத்திரத்துத் தண்ணீரில் முக்கி முக்கி, முதலில் முரட்டுத் தாள், அப்புறம் நைஸ் தாள் என்று ஓரமெல்லாம் தேய்ப்பாள். கடைசியில் அப்பாவின் பழைய ஜீன்ஸ் துணியில் தேய்த்துப் பளபளப்பாக்குவது என் பொறுப்பு. அப்பாவுக்கு மட்டும் அந்தக் க்ளே எப்போதும் களிமண்தான்.

"இன்னாமா, காலங்காத்தால மண்ணு வெச்சி வெளையாடிக்கினு கீற? வேலைக்குப் போவ வாணாமா?" என்பார்.

"இதுவும் வேலதான் மாமா" என்பாள் சித்தி, தலை நிமிராமல்.

அப்பா விடுகிற ஆளா? கும்மிடிப்பூண்டியில் தான் வேலை செய்த கம்பெனியிலேயே சொல்லிவைத்து, பேக்கிங்கில் ஓர் இடம் பிடித்துவிட்டார்.

"பெல் அடிச்சா துன்னுட்டு, பெல் அடிச்சா எழுந்துக்கிறது என்னால ஆவாது. என் கை என் வேலைக்குத்தான்" என்றாள் சித்தி.

அம்மா அழுதாள். அக்காவின் கண்ணீருக்கு முன்னால் எந்த வீராப்பு நிற்கும்? திங்கட்கிழமை சித்தி அப்பாவின் வண்டியில் ஏறினாள்.

மத்தியானமே திரும்பிவிட்டார்கள். கேட்டில் வருகை பதிகிற மெஷின் சித்தியின் எந்த விரலையும் ஏற்கவில்லையாம். கம்மலோடு சேர்ந்து ரேகையும் தேய்ந்து போயிருந்தது. அடுத்த திங்கள் வரை பார்ப்போம், இல்லையென்றால் வேறு ஆள் என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள்.

அப்பா ஓவனையும் க்ளேயையும் பரண்மேல் ஏற்றினார். "ஒரு வாரம் கைய சும்மா வெச்சிக்கினு இரு. ரேகை தானா வந்துடும்."

எனக்கோ பயம். ரேகையில்தான் ஆயுள் இருக்கிறது என்று என் வகுப்பில் ஒருத்தி சொல்லியிருந்தாள். சித்தி செத்துப்போகக் கூடாதென்று சாயங்காலம் தவறாமல் அவள் விரல்களுக்குத் தேங்காய் எண்ணெய் தடவினேன். சித்தியும் சமர்த்தாக நீட்டுவாள். காலையில் அப்பா கிளம்பியதும், "அந்த முரட்டுத் தாள எடுத்துக்கினு வா" என்பாள்.

"கம்மலே இல்லியே சித்தி?"

"நீ எடுத்துக்கினு வா, சொல்றேன்."

சொல்லவே மாட்டாள். வெறும் தாளை நனைத்து, விரலைத் தேய்த்துக்கொண்டிருப்பாள். எண்ணெய்ப் பிசுக்கு போகத்தான் என்று நானே முடிவு செய்துகொண்டேன்.

அடுத்த திங்களும் மெஷின் மசியவில்லை. வேலை வேறு யாருக்கோ போய்விட்டது. "டப்பா மெஷினு!" என்று அப்பா இருட்டும்வரை திட்டித் தீர்த்தார். சித்தி ஸ்டூலைப் போட்டு ஏறி, பரணிலிருந்து ஓவனை இறக்கினாள். முகமெல்லாம் சிரிப்பு. துக்கத்தில் புத்தி பேதலித்துவிட்டது என்றே நினைத்தேன். அழுதுகொண்டே எண்ணெய்க் கிண்ணத்தோடு அவள் எதிரில் போய் உட்கார்ந்தேன்.

"இன்னும் நல்லா தடவுறேன் சித்தி. அடுத்த வாட்டி வந்துடும்."

"தடவு, தடவு" என்று பத்து விரலையும் நீட்டினாள்.