எனக்கு வந்த கம்பளி

எங்கள் ஊர் திருப்புலிவனத்துக்கு அடுத்தது. என் தம்பி மகளை நான்தான் வளர்த்தேன். சின்னக் குழந்தையாக இருந்தபோது அம்மை போட்டு அவள் கண் திறக்காமல் கிடந்தாள். பிழைத்து எழுந்தால் ஆடிக்கு ஆடி மடிப்பிச்சை எடுத்துக் கூழ் ஊற்றுகிறேன் என்று மாரியாத்தாளிடம் வேண்டிக்கொண்டேன். எழுந்தாள். நானும் சொன்ன சொல் தவறவில்லை.

வெளியூராருக்கு இது தெரியாது என்பதால் சொல்கிறேன். எங்களுக்கு ஏரிக்குக் கீழே நல்ல நிலம். களத்தில் நெல் கொட்டிக் கிடக்கும். இருந்தாலும் வேண்டுதலுக்குச் சொந்தக் கேழ்வரகு மட்டும் செல்லாது. மஞ்சள் புடவை கட்டி, முந்தானையை ஏந்தி, நாலு வீட்டு வாசலில் நின்று வாங்கிய மாவைக் கலந்தால்தான் அது ஆத்தாளுக்குக் கூழ். எங்கள் வயலில் நடவுக்கு வருகிறவர்கள் வாசலிலும் நிற்பேன். அவர்கள் என் காலில் தண்ணீர் ஊற்றி, மஞ்சள் பூசிவிட்டுத்தான் மாவு போடுவார்கள். அன்றைக்கு நான் நிமிர்ந்துதான் நடப்பேன்.

உத்திரமேரூர் பள்ளிக்கூடத்தில் கம்ப்யூட்டர் வைத்து, இன்டர்நெட்டும் வந்த புதிது. அவள் ஒன்பதாவது படித்தாள். கடல் தாண்டி ஏதோ குளிர் நாட்டுப் பிள்ளைகளும் இவர்களும் அவரவர் ஊரைப் பற்றி எழுதி, படம் போட்டு, கம்ப்யூட்டரிலேயே சேர்ந்து செய்கிற வேலை. பிராஜெக்ட் என்பாள். ஆடியில் வாத்தியாரின் கேமராவை வாங்கி வந்து, நான் மடியேந்தி நின்றதைப் படம் எடுத்தாள்.

“இன்னாத்துக்குடி இது?”

“நம்ம ஊர் வழக்கத்த அவங்களுக்குக் காட்டணும் அத்த. சிரிக்காம நில்லு.”

“சாமி காரியத்துல எவடி சிரிச்சிக்கினு நிப்பா?”

நின்றேன். மூன்றாவதோடு படிப்பை விட்டவள் நான். என் படம் கடல் தாண்டிப் போகிறதே என்று உள்ளுக்குள் பெருமைதான்.

தை பிறந்ததும் பள்ளிக்கூட விழாவுக்கு வரச் சொல்லி வாத்தியார் ஆள் அனுப்பினார். பட்டுப்புடவை கட்டிக்கொண்டு போனேன். மேடையில் ஏற்றி உட்கார வைத்தார்கள். ஒரு பெரிய அட்டைப்பெட்டியைப் பிரித்து, கம்பளிப் போர்வை ஒன்றை எடுத்து என் தோளில் போட்டார்கள். பொன்னாடைக்குப் பதிலாக்கும் என்று நானும் கும்பிட்டேன். அப்புறம் வாத்தியார், பெட்டியோடு அந்தக் குளிர் நாட்டுப் பிள்ளைகள் அனுப்பிய கடிதத்தை மைக்கில் தமிழில் சொன்னார். வீடு வீடாகப் பிச்சை எடுக்கும் பாட்டியை நினைத்துத் தூக்கம் வரவில்லையாம். அவர் குளிரில் படுக்கக் கூடாது என்று எல்லாரும் சேர்ந்து பின்னிய போர்வையாம்.

கீழே எங்கள் ஊர்ப் பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். என் மடியில் மாவு போட்டவர்கள். ஒருத்தியும் என் முகத்தைப் பார்க்கவில்லை.

அந்தப் பிள்ளைகள் மேல் எனக்குக் கோபமில்லை. தெரியாதவர்கள், நல்ல மனசுக்காரர்கள். மேடையை விட்டு இறங்கி வாத்தியாரைப் பிடித்தேன். அவரும் இந்தப் பக்கத்துக்காரர்தான். அவர் வீட்டிலும் ஆடிக்குக் கூழ் ஊற்றுவார்கள்.

“வேண்டுதல்னு எழுதலியா சார்?”

“அவங்களா தப்பா எடுத்துக்கினாங்கம்மா. இப்ப போய் மாத்திச் சொன்னா பள்ளிக்கூடத்துக்குத்தான் அசிங்கம். நல்ல விதமா முடிஞ்சிகீது, வுடுங்க.”

வீட்டுக்கு வந்து அவளை உட்கார வைத்துக் கேட்டேன். “அவங்க உன்னாண்ட இன்னாடி கேட்டாங்க?”

“பாட்டிக்கு வூடு கீதான்னு கேட்டாங்க.”

“நீ இன்னா சொன்ன?”

“ஒண்ணும் சொல்லல அத்த.” தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். “அந்தப் படத்தப் பாத்துட்டுத்தான் அங்க ஒரு பொண்ணு தெனம் எனக்கு எழுதறா. நெசத்தச் சொன்னா நிறுத்திடுவா.”

யாருக்காக மடியேந்தினேன் என்பது அவளுக்குத் தெரியும். அதை நான் எடுத்துச் சொல்லவில்லை. “நாளைக்கே எழுது” என்றேன். “எழுதறேன் அத்த” என்றாள்.

மாசியில் இன்னொரு பெட்டி வந்தது. கையுறை, காலுறை, குல்லாய். அவளே தூக்கிக்கொண்டு வந்து என் முன்னால் வைத்தாள். எழுதவில்லை என்று அப்போதே தெரிந்துவிட்டது. மறுநாள் பெட்டியோடு பஸ் ஏறிப் போய் வாத்தியாரின் மேஜை மேல் வைத்தேன்.

“நெசத்த எழுத உங்க யாருக்கும் கை வரல. அந்தப் பிச்சைக்காரி செத்துட்டான்னாவது எழுதிடுங்க.”

கோபத்தில் சொன்னது. அதை எழுதிவிட்டார்கள்.

பங்குனியில் ஒரு நாள், சாப்பிட்டுக்கொண்டிருந்தவள் தானாகவே சொன்னாள். “அவங்க பள்ளிக்கூடத்துல உனக்காக எல்லாரும் எழுந்து நின்னாங்களாம் அத்த. அந்தப் பொண்ணு ரொம்ப அழுதாளாம்.”

“நீ இன்னா எழுதின?”

“எனக்கும் அழுகையா வருதுன்னு எழுதினேன்.”

ரசம் வேண்டுமா என்று கேட்டேன். தட்டை நீட்டினாள். ஊற்றினேன்.